லைவில் வாயடைத்துப் போனேன், இனி நிருபர் ஆக முடியுமா?

கேள்வி: சார், எனக்கு 24 வயது. ஊடகவியல் படித்துவிட்டு ஒரு செய்திச் சேனலில் ஒன்றரை வருடமாக டெஸ்கில் இருக்கிறேன். திரையின் அடியில் ஓடும் டிக்கர் வரிகளை அடிப்பது, ஏஜென்சி செய்தியை மொழிபெயர்ப்பது, நிருபர்கள் அனுப்பும் பைட்டை (பேட்டித் துணுக்கை) வெட்டி ஸ்கிரிப்ட் எழுதுவது, இதுதான் வேலை. டிவி நிருபர் ஆக வேண்டும் என்றுதான் இந்தத் துறைக்கே வந்தேன். போன மாதம் இரவு ஷிப்டில் நிருபர் யாரும் இல்லாததால், ஒரு குடோன் தீ விபத்துக்கு என்னை அனுப்பினார்கள். போய் இறங்கிய இருபதாவது நிமிடம் லைவ். 'தீ எப்படிப் பற்றியது, உள்ளே யாராவது சிக்கியிருக்கிறார்களா' என்று ஆங்கர் கேட்டார். எனக்கு வாயே திறக்கவில்லை. ஏழெட்டு நொடி அப்படியே நின்றேன். அப்புறம் என்னென்னவோ உளறினேன். அந்த க்ளிப் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் சுற்றுகிறது. 'உனக்கு ஸ்கிரீன் முகம் இல்லை, டெஸ்க்தான் உனக்குச் சரி' என்று எடிட்டர் சொல்லிவிட்டார். என் குரலும் மெல்லிசு. இப்போது இதைவிடச் சின்ன சேனல் ஒன்றில் வெளியூர் நிருபர் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் குறைவு. போகலாமா? இன்னும் பத்து வருடத்தில் இந்த வேலையே இருக்குமா என்றும் பயமாக இருக்கிறது. கடைசியாக ஒரு சின்ன சந்தேகம்: நான் கண்ணாடி போட்டவன். கேமரா முன்னால் அது இடைஞ்சலா? (பெயர் வேண்டாம், சார்.)

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த க்ளிப்பை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்தே அது கண்முன் ஓடுகிறது. இருபத்தாறு வருடம் நிருபராக இருந்துவிட்டு, இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு க்ளிப் இல்லாத நிருபரை நான் இன்னும் சந்திக்கவில்லை. எங்கள் காலத்தில் அது டேப்பில் இருந்தது, அடுத்த வாரமே அதன் மேல் வேறு எதையாவது பதிவு செய்துவிடுவார்கள். உங்கள் காலத்தில் வாட்ஸ்அப் இருக்கிறது, பாவம்.

எடிட்டர் சொன்னதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அன்று என்ன நடந்தது என்று மட்டும் பார்ப்போம். ஆங்கர் இரண்டு கேள்வி கேட்டார். தீ எப்படிப் பற்றியது? உள்ளே யாராவது இருக்கிறார்களா? அந்த நிமிடத்தில் இந்த இரண்டுக்கும் உங்களிடம் பதில் இருந்ததா? இருந்திருந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். இறங்கியதும் யாரிடம் பேசினீர்கள் என்றும் எழுதியிருப்பீர்கள். அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் நான் ஊகிக்கிறேன்: அந்த இருபது நிமிடமும் எங்கே நிற்பது, மைக்கை எந்தக் கையில் பிடிப்பது, சட்டை சரியாக இருக்கிறதா, முதல் வார்த்தையாக 'வணக்கம்' சொல்ல வேண்டுமா என்பதிலேயே போயிருக்கும். எனக்கும் முதல் முறை அப்படித்தான் போனது.

நீங்கள் உறைந்தது கேமராவைப் பார்த்து அல்ல. பையில் ஒன்றும் இல்லாமல் கடை விரித்ததால்தான். பையில் நாலு விஷயம் இருக்கிற ஆள் திக்குவான், வேர்ப்பான், வார்த்தையை விழுங்குவான், ஆனால் ஏழு நொடி நிற்க மாட்டான்.

சரி, இருபது நிமிடத்தில் என்ன சேகரித்திருக்கலாம்? தீயணைப்பு வண்டிகளை எண்ணியிருக்கலாம். அதற்கு யாரையும் கேட்கவே வேண்டாம். வண்டியோரம் நிற்கும் அதிகாரியிடம் 'எத்தனை மணிக்குத் தகவல் வந்தது, முதல் வண்டி எப்போது வந்தது' என்று இரண்டே கேள்வி கேட்டிருக்கலாம். இது அவருக்கும் நிச்சயமாகத் தெரிந்த விஷயம், சொல்லத் தயங்க மாட்டார். அந்தக் குடோனில் என்ன அடுக்கி வைத்திருந்தார்கள் என்பது எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும். ராத்திரி காவலாளி உண்டா, அவர் இப்போது எங்கே என்பதும் அவருக்கே தெரியும். இரண்டாவது கேள்விக்கான பாதி விடை அங்கேதான் இருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அந்தப் பக்கம் வீடுகள் இருக்கின்றனவா, ஆட்களை வெளியேற்றுகிறார்களா, புகை கண்ணை எரிக்கிறதா என்பதையெல்லாம் கண்ணும் மூக்கும் சொல்லும். பத்து நிமிட வேலை. ஒரு நோட்டில் ஐந்து வரி.

தீ எப்படிப் பற்றியது என்ற கேள்விக்கு, முதல் ஒரு மணி நேரத்தில் சரியான பதில் அநேகமாக எப்போதும் ஒன்றுதான்: 'இன்னும் தெரியவில்லை.' எரிந்துகொண்டிருக்கிற கட்டடத்துக்குள் போய் யாரும் காரணம் தேட முடியாது. அணைந்து, ஆறி, ஆய்வு செய்த பிறகுதான் அது தெரியும். ஆங்கர் அதைக் கேட்கத்தான் செய்வார், அவருக்கும் நேரத்தை நிரப்ப வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியிருந்தது: "காரணம் இன்னும் தெரியவில்லை, தீ முழுதாக அணைந்த பிறகே ஆய்வு தொடங்கும் என்று தீயணைப்பு அதிகாரி சொல்கிறார். இப்போது ஆறு வண்டிகள் இருக்கின்றன..." என்று உங்களுக்குத் தெரிந்த பக்கம் திரும்பிவிடுவது. 'தெரியவில்லை' என்று மட்டும் சொல்லி நின்றால் அது வெறுமை. ஏன் தெரியவில்லை, எப்போது தெரியும், யார் சொல்வார்கள் என்பதைச் சேர்த்தால் அதுவே செய்தி.

இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களால்தான் எங்கள் தொழிலில் பெரிய பெரிய அசிங்கங்கள் நடந்திருக்கின்றன. 2000 நவம்பர் 7, அமெரிக்க அதிபர் தேர்தல் இரவு. ஃபுளோரிடா அல் கோருக்கு என்று பெரிய சேனல்கள் எல்லாம் அறிவித்தன, பிறகு வாபஸ் வாங்கின. விடியும் முன் புஷ் ஜெயித்தார் என்றன, அதையும் வாபஸ் வாங்கின. ஒரே ராத்திரியில் இரண்டு முறை. 2012 ஜூன் 28-ல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சிஎன்என், ஃபாக்ஸ் நியூஸ் இரண்டுமே, எல்லோரும் காப்பீடு வாங்க வேண்டும் என்ற சட்டத்தின் முக்கியப் பிரிவு ரத்து என்று முதலில் சொன்னார்கள். உண்மையில் நீதிமன்றம் அதைச் செல்லும் என்று சொல்லியிருந்தது. வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தின் கீழ் அந்தப் பிரிவு நிற்காது என்று தீர்ப்பின் தொடக்கத்தில் இருந்ததைப் படித்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் நிற்கும் என்பது அதற்கடுத்துத்தான் வந்தது. முழுதாகப் படிக்க இன்னும் சில நிமிடம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

என் கதையும் ஒன்று இருக்கிறது. பேருந்து விபத்து ஒன்றில் பதினோரு பேர் இறந்ததாக லைவில் சொன்னேன். இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன் என்று நினைத்தேன். ஒருவர் போலீஸ்காரர், இன்னொருவர் ஆம்புலன்ஸ் ஆள். பிறகுதான் தெரிந்தது, ஆம்புலன்ஸ்காரர் அந்த எண்ணைக் கேட்டதே அதே போலீஸ்காரரிடம்தான். எனக்கு இரண்டு வாய், ஆனால் ஒரே கண். உண்மையில் இறந்தவர்கள் ஏழு பேர். மீதி நாலு பேர் குடும்பத்தில் யாராவது என் லைவைப் பார்த்திருப்பார்களா என்று பல நாள் தூக்கம் வரவில்லை. அன்றிலிருந்து யார் என்ன சொன்னாலும் இன்னொரு கேள்வி சேர்த்துக் கேட்பேன்: 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' நீங்களும் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே பின்வாங்குவார்கள்.

அந்த ஏழெட்டு நொடியைப் பற்றி இன்னொன்று. அது முழுக்க உங்கள் கணக்கில் சேராது. லைவ் செயற்கைக்கோள் வழியாகப் போயிருந்தால், அது பூமிக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் நிற்கிறது. ஏறி இறங்கவே கால் நொடி ஆகும். ஆங்கர் குரல் உங்கள் காதுக்கும் உங்கள் பதில் திரைக்கும் வருவதற்குள் அரை நொடி போய்விடும், நடுவில் இருக்கும் கருவிகளின் தாமதம் தனி. மொபைல் சிம்கள் செருகிய பேக்பேக் வழியாகப் போயிருந்தால் சில நேரம் அதைவிட அதிகம். வெளியூரிலிருந்து பேசும் நிருபர்கள் கேள்வி முடிந்த பிறகும் தலையாட்டிக்கொண்டு நிற்பார்களே, அது இதனால்தான். கேள்வி காதில் விழுந்த கணமே தொடங்கிவிடுங்கள், யோசனையைத் தொடங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. லைவுக்குப் போகும் முன் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நடுவில் உள்ளதை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடம் செய்தவன் ஒரு சொல் தவறினால் மொத்தமும் போச்சு. நடுவுக்கு நோட்டில் ஐந்து சொல் போதும்: வண்டி ஆறு, தகவல் 11.40, பிளாஸ்டிக், காவலாளி, காற்று.

இனி அந்த 'ஸ்கிரீன் முகம்'. 1991 ஜனவரி 17 அதிகாலை, பாக்தாத் மேல் குண்டு விழத் தொடங்கியபோது உலகமே சிஎன்என்-ஐத்தான் கேட்டது. பீட்டர் ஆர்னெட், பெர்னார்ட் ஷா, ஜான் ஹாலிமன் மூன்று பேரும் அல் ரஷீத் ஹோட்டல் அறையிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேரடிப் படம் இல்லை. ஒரு தொலைபேசி இணைப்பு வழியாக வந்த குரல்கள் மட்டும்தான். தொலைக்காட்சி வரலாற்றின் மிகப் பெரிய லைவ்களில் ஒன்றில் யார் முகமும் தெரியவில்லை. உங்கள் எடிட்டர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் ஆங்கருக்கான அளவுகோலை நிருபருக்குப் போட்டுப் பார்க்கிறார். நிருபரின் முகம் மொத்தச் செய்தியில் பத்து நொடி வந்தால் அதிகம்.

குரல் மெல்லிசு என்கிறீர்கள். மெல்லிய குரல் பிரச்சினை இல்லை. அதைக் கனமாக்கப் பார்ப்பதுதான் பிரச்சினை. அடித்தொண்டையிலிருந்து 'செய்திக் குரல்' ஒன்றை வரவழைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் இடி இடிக்கிற மாதிரி முடிப்பவர்கள் நம் சேனல்களில் ஏராளம். எனக்கு அதைக் கேட்டாலே சேனலை மாற்றத் தோன்றும். ஒரே ஒரு ஆளிடம், மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோலச் சொல்லுங்கள். மூச்சு வயிற்றிலிருந்து வரட்டும். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள்.

இது தமிழுக்கு இன்னும் முக்கியம். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. 'தீ விபத்து ஏற்பட்டதைத் தொடர்ந்து சம்பவ இடத்திற்கு விரைந்து வந்த தீயணைப்புத் துறையினர் தீயை அணைக்கும் பணியில் தீவிரமாக ஈடுபட்டு வருகின்றனர்' என்று எழுதினால், யார் என்ன செய்தார்கள் என்று தெரிய கேட்பவர் கடைசிச் சொல் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். 'பதினொன்று நாற்பதுக்குத் தகவல் வந்தது. ஆறு வண்டிகள் வந்திருக்கின்றன. இன்னும் அணைக்கவில்லை.' இதில் என்ன குறைந்துவிட்டது? டெஸ்கில் இருப்பவர் நீங்கள், 'ஈடுபட்டு வருகின்றனர்' என்பதை ஒரு நாளில் எத்தனை முறை தட்டச்சு செய்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் அந்தக் 'கூறப்படுகிறது'. யாரால்? பெயர் சொல்ல முடியாத ஆள் என்றால் 'போலீஸ் அதிகாரி ஒருவர் சொன்னார்' என்று எழுதலாம். யாருமே சொல்லவில்லை என்றால் எழுதவே கூடாது. இதற்கு நடுவில் நின்றுகொண்டு பழியிலிருந்து தப்பிக்கிற சொல் அது. என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் மாதம் அந்தச் சொல் தடை.

ஒரு கணக்கும் சொல்கிறேன். படம், பேட்டி, நிருபர் குரல் எல்லாம் சேர்த்துத் தொகுத்த செய்தியைப் பேக்கேஜ் என்போம். ஒன்றரை நிமிடப் பேக்கேஜ் என்றால் தொண்ணூறு நொடி. அதில் இரண்டு பைட் சேர்ந்து முப்பது நொடி, கேமரா பார்த்து நீங்கள் பேசும் பிடிசி பத்து நொடி. மீதி ஐம்பது. தமிழ்ச் சொற்கள் நீளம், நொடிக்கு இரண்டு சொல்தான் நிதானமாக வரும் என்பது என் அனுபவம். ஆக மொத்தக் கதையையும் சொல்ல உங்களிடம் இருப்பது நூறு சொல். படத்தில் தெரிவதைச் சொல்லால் திருப்பிச் சொல்ல அதில் இடமே இல்லை. 'தீ கொழுந்துவிட்டு எரிகிறது' என்பதைப் பார்ப்பவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே பொம்மை அடுக்கியிருந்தார்களா, பெயின்ட்டா என்பதுதான் அவருக்குத் தெரியாது.

படம் என்றதும் நினைவுக்கு வருவது 1984 அக்டோபர் 23-ல் பிபிசி ஒளிபரப்பிய எத்தியோப்பியப் பஞ்சச் செய்தி. கோரெம் என்ற இடத்திலிருந்து நிருபர் மைக்கேல் பர்க் செய்தது. அது உலகை உலுக்கி, அடுத்த ஆண்டு ஜூலையில் பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டிய லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி வரை கொண்டுபோனது. பர்க்கின் முதல் வாக்கியத்தை இன்றும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியம் உட்கார்ந்திருப்பது கென்யாவைச் சேர்ந்த ஒளிப்பதிவாளர் முகமது அமீன் விடியற்காலையில் எடுத்த படத்தின் மேல். படம் நிதானமாக நகர்கிறது, வார்த்தை அதற்கு வழி விட்டு நடக்கிறது. அந்த மனிதர் 1991-ல் அடிஸ் அபாபாவில் ஆயுதக் கிடங்கு வெடித்தபோது ஒரு கையை இழந்தார், செயற்கைக் கையோடு மறுபடி கேமராவைத் தூக்கினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், புது நிருபர்கள் கேமராமேனை 'அண்ணே, அதை எடுங்க, இதை எடுங்க' என்று டிரைவரிடம் வழி சொல்வதுபோல நடத்துவார்கள். வண்டியில் போகும்போதே கதை என்ன என்று அவரிடம் பேசுங்கள். நீங்கள் பார்க்காததை அவர் வ்யூஃபைண்டரில் பார்த்திருப்பார். தீ நடந்த இடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல செய்திகளில் பாதி, கேமராமேன் என் தோளைத் தட்டிக் காட்டியவைதான்.

கேமரா பொய்யும் சொல்லும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2003 ஏப்ரல் 9-ல் பாக்தாத் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் உசேன் சிலை விழுந்ததை நெருக்கமான ஷாட்டில் பார்த்தவர்களுக்கு ஊரே திரண்டதுபோல இருந்தது. தூரத்திலிருந்து எடுத்த படங்களில் சதுக்கத்தின் பெரும்பகுதி காலி. நீங்கள் அங்கே நின்றிருந்தால் எந்த ஷாட்டை அனுப்புவீர்கள்? இரண்டையும் அனுப்ப வேண்டும் என்பது என் பதில். டெஸ்க் நெருக்கமானதைத்தான் போடும். சண்டை போட வேண்டியிருக்கும்.

சின்ன சேனல் வேலைக்கு வருகிறேன். போங்கள். யோசிக்கவே தேவையில்லை என்று சொல்ல மாட்டேன், யோசிக்க வேண்டியவை கீழே இருக்கின்றன, ஆனால் என் விடை போங்கள் என்பதுதான். பெரிய சேனலில் மூத்த நிருபர்கள் விட்டுக்கொடுத்தது மட்டும்தான் உங்கள் கைக்கு வரும். மாதம் ஒரு லைவ், அதுவும் யாராவது லீவு போட்டால். சின்ன இடத்தில் வெளியூர் நிருபர் என்றால் காலையில் நீதிமன்றம், மதியம் மருத்துவமனை, சாயங்காலம் யாராவது மறியல் என்று எல்லாம் உங்கள் தலையில்தான். ஒரு வருடத்தில் நூறு லைவ் கொடுத்துவிடுவீர்கள். உறைவது எல்லாம் முதல் பத்தோடு போய்விடும். அதைவிடப் பெரிய லாபம், ஆட்கள். அந்த ஊர் நீதிமன்ற எழுத்தர், பிணவறை ஊழியர், தீயணைப்பு நிலைய அதிகாரி எல்லோரும் ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் போனை எடுக்கிற நிலை வரும். அதற்கு, செய்தி இல்லாத நாளிலும் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்தப் போன் எண்கள்தான் நிருபரின் சொத்து. சேனல் மாறினாலும் அது உங்களோடு வரும்.

டெஸ்கில் கழித்த ஒன்றரை வருடம் வீண் என்றும் நினைக்காதீர்கள். நாற்பது நொடி தொடர்ந்து பேசி வெட்டவே முடியாத பைட், மூன்று நொடியில் ஆடி அசைந்து முடிகிற ஷாட், பெயர் எழுதி அனுப்பாத பேட்டி என்று எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே சரி செய்திருப்பீர்கள். எதை அனுப்பக்கூடாது என்று உங்களுக்கு அத்துப்படி. நேரடியாகக் களத்துக்கு வந்தவர்கள் இதைக் கற்றுக்கொள்ள எத்தனையோ வருடம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கையெழுத்துப் போடும் முன் சிலதைக் கேட்டுவிடுங்கள். மாதச் சம்பளமா, செய்திக்கு இவ்வளவு என்ற ஸ்ட்ரிங்கர் கணக்கா? வண்டி, போன், டேட்டா செலவு யாருடையது? விபத்துக் காப்பீடு உண்டா, அது உங்களோடு வரும் கேமராமேனுக்கும் உண்டா? கலவர இடத்துக்கு அனுப்பினால் ஹெல்மெட் தருவார்களா? 'போகமாட்டேன்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டா? வெட்கப்படாமல் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரம் பிடித்துத் தருவதும் நிருபர் வேலை என்று அவர்கள் சொன்னால், எவ்வளவு சம்பளம் என்றாலும் போகாதீர்கள். காலையில் விளம்பரம் கேட்டு நின்ற வாசலில் மதியம் போய்க் கேள்வி கேட்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்த வேலையில் நீங்கள் பிணங்களைப் பார்ப்பீர்கள். அழுகிற தாயின் முன் மைக்கோடு நிற்பீர்கள். 'இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது' என்று கேட்காதீர்கள், எப்படி இருக்கும்? முதலில் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு, பேச விருப்பமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வந்துவிடுங்கள். விருப்பம் என்றால், இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். அவர்களே பேசுவார்கள், சில நேரம் சிரித்துக்கொண்டே. அதெல்லாம் உங்களுக்குள்ளும் தங்கும். அந்தோனி ஃபைன்ஸ்டைன் என்ற மனநல மருத்துவர் 140 போர்க்கள நிருபர்களை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட கட்டுரையில், நான்கில் ஒருவருக்கு மேல் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பிடிஎஸ்டி என்ற மன அதிர்ச்சி நோய் இருந்ததாகக் கண்டார். பிபிசியின் ஃபெர்கல் கீன் 2020 ஜனவரியில் அந்த நோயைக் காரணமாகச் சொல்லித் தன் ஆப்பிரிக்க ஆசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார், வெளிப்படையாக. போர்க்களம்தான் என்றில்லை, வாரம் மூன்று விபத்து பார்க்கிற உள்ளூர் நிருபருக்கும் இது சேரும். தூக்கம் கெட்டால், ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தால், டாக்டரைப் பாருங்கள். 'இதெல்லாம் நமக்குப் பழகிடுச்சு' என்று பெருமை பேசுகிற சீனியர்களை நம்பாதீர்கள். நானும் அப்படிப் பேசினவன்தான்.

இன்னொரு ஆபத்து, கதையில் நாமே நாயகன் ஆவது. அமெரிக்காவின் என்பிசி சேனலின் ஆங்கர் பிரையன் வில்லியம்ஸ், 2003-ல் ஈராக்கில் தான் இருந்த ஹெலிகாப்டர் தாக்கப்பட்டது என்று பிற்பாடு சொல்லிவந்தார். தாக்கப்பட்டது வேறொரு ஹெலிகாப்டர். 2015-ல் அது வெளியே வந்து, ஆறு மாதம் சம்பளமில்லாமல் இடைநீக்கம். அவ்வளவு பெரிய ஆளுக்கு அது தேவையே இல்லை.

பத்து வருடத்தில் வேலை இருக்குமா? 1965-ல் கேம் நே என்ற வியட்நாம் கிராமத்தில் அமெரிக்க வீரர்கள் குடிசைகளுக்கு லைட்டரால் தீ வைத்ததை அமெரிக்க சிபிஎஸ் சேனலின் நிருபர் மார்லி சேஃபரும் அவருடைய ஒளிப்பதிவாளரும் படமெடுத்தபோது, பிலிம் விமானமேறிப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஜனங்கள் பார்க்க முடிந்தது. 1980 ஜூன் 1-ல் சிஎன்என் தொடங்கி இருபத்துநாலு மணி நேரச் செய்தி வந்தது. லைவுக்கு ஓபி வேன் என்ற ஒளிபரப்பு வண்டி, அதற்கு ஒரு பொறியாளர் என்று இருந்தது பேக்பேக் ஆகி, இப்போது போனில் நிற்கிறது. டிவி பெட்டி இருக்குமோ இருக்காதோ, சம்பவ இடத்துக்கு ஒரு ஆள் போய்ப் பார்த்துக் கேட்டுவிட்டு வந்து சொல்வது இருக்கும். எந்திரம் ஸ்கிரிப்ட் எழுதிவிடும், நீங்கள் இப்போது செய்கிற டிக்கர் வேலையையும் அது சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் காவலாளி எங்கே என்று அது கேட்காது.

எனக்குப் பயம் வேறு. ஒவ்வொரு மணிக்கும் லைவ், நடுவில் போனில் குரல் மட்டும் கொடுக்கிற போனோ, அதற்கும் நடுவில் சோஷியல் மீடியாவுக்கு ஒரு வீடியோ என்று நிருபரைக் கேமரா முன்னாலேயே கட்டிப் போட்டுவிடுகிறார்கள். அவன் எப்போது போய்ச் செய்தி சேகரிப்பது? கடைசியில் ஆபீசிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்ததையே சம்பவ இடத்தில் நின்று ஆபீசுக்குத் திருப்பிச் சொல்கிறான். உங்களுக்கும் அன்று நடந்தது கிட்டத்தட்ட இதுதான். இறங்கியதும், உங்களை அனுப்பிய அசைன்மென்ட் டெஸ்கிடம் 'இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள்' என்று கேட்டிருக்கலாம். திட்டுவார்கள். பெரும்பாலும் கொடுத்தும் விடுவார்கள்.

கண்ணாடி. தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு போட்ட லென்ஸ் வாங்குங்கள், வெயிலில் கறுக்கிற ரகம் வேண்டாம், பார்ப்பவருக்குக் கண் தெரிய வேண்டும். கேமராவில் லைட் இருந்தால் கொஞ்சம் உயர்த்திப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள், கண்ணாடியின் காம்பைக் காதருகே ஒரு நூல் உயர்த்தினாலும் பளபளப்பு போய்விடும். 1963 நவம்பர் 22-ல் கென்னடி இறந்துவிட்டார் என்று ஏஜென்சி உறுதி செய்த தாளை சிபிஎஸ் ஆங்கர் வால்டர் கிராங்கைட் நேரலையில் படித்த காட்சி இணையத்தில் கிடைக்கும், இன்று இரவு பாருங்கள். தடித்த கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி. அதைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லி, மறுபடி மாட்டிக்கொள்கிறார். அதன் பிறகு பேச்சு வராமல் சில நொடி நிற்கிறார், அவரும்.